எல்கேஜிக்கு எந்தக் கான்வென்ட்? வாசகர் கேள்வி – பதில்

பொங்கல் முடிந்த கையோடு எல்கேஜி பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும். திருச்சபைகளும் துறவற சபைகளும் நடத்தும் மழலையர் பள்ளிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பலரும் பெயர் போட வேண்டாம் என்றதால் ஊரோடு நிறுத்தியிருக்கிறோம்.

வரும் ஜூனில் என் மகளுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆகியிருக்கும். பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்ட், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலப் பள்ளி, ஒரு சபையார் போன வருடம் தொடங்கிய பிளே ஸ்கூல் என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் வந்து பார்க்கச் சொல்கிறார்கள். போய் எதைப் பார்ப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

ஆபீஸ் அறையோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே சுவரில் படமும் அலமாரி நிறையக் கேடயமும் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு வேளை போங்கள். காலையில் பிள்ளைகளை விடும் நேரம் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்று. உள்ளே விட மறுத்தால் காலையில் கேட் ஓரமாகப் பதினைந்து நிமிடம் நின்றாலே பாதி தெரிந்துவிடும்.

காலையில் கவனிக்க வேண்டியது, அழுகிற பிள்ளையை யார் வாங்குகிறார், எப்படி வாங்குகிறார் என்பது. குனிந்து தூக்குகிறவர் இருக்கிறார். ஒற்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவரும் இருக்கிறார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை அப்படி இழுத்தால் முழங்கை மூட்டு நழுவலாம். எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற சங்கதி அது. மதியம் பார்க்க வேண்டியது ஆயாக்களை. கை கழுவி விடுகிறார்களா, மூக்கைப் பிடித்து ஊட்டுகிறார்களா, சாப்பிடாத பிள்ளையின் டப்பாவை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்து தலைக்கணக்கு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 20 பேருக்கு ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கிறது. பேர் வாங்கிய பழைய கான்வென்ட்டுகளில் ஒரு செக்‌ஷனில் 40 பிள்ளைகள் இருப்பது சர்வ சாதாரணம். கேட்டால் ‘டிமாண்ட்’ என்பார்கள். மிஸ் எத்தனை பேர் என்பதைவிட “இந்த செக்‌ஷனுக்கென்று தனி ஆயா உண்டா?” என்று கேளுங்கள். மூன்று செக்‌ஷனுக்கு ஓர் ஆயா என்றால், ஒரு பிள்ளையை பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் மற்ற இரண்டு அறைகளிலும் அவசரத்துக்கு ஆள் கிடையாது. அப்புறம் என்ன, பிள்ளை அடக்கி வைக்கும். அதில் மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும். “ஸ்கூலில் தண்ணீரே குடிப்பதில்லை” என்று தாய்மார் சொல்லும் புகாரின் வேர் பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

கழிப்பறையை நேரில் பாருங்கள். வகுப்பறை இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை ‘வருது’ என்று சொல்லி மாடி இறங்கும்வரை தாங்காது. தாழ்வான பேசின், வழுக்காத தரை, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவு வேண்டும். தண்ணீர் நிரப்பிய பெரிய வாளியும் திறந்த தொட்டியும் இருக்கவே கூடாது. கழுவி விடுவது யார், பெண் ஆயா மட்டும்தானா, மாற்றுத்துணி எங்கே வைக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கான்வென்ட் வளாகத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது மாதா கெபி, அதாவது மாதா சொரூபம் வைத்த குகை போன்ற அமைப்பு. சில இடங்களில் கெபியைச் சுற்றி அலங்காரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருப்பார்கள். மெழுகுதிரி ஸ்டாண்டும் பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் இருக்கும். வேலி இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தடித் தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா, மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி நான்கு அங்குலத்துக்குள் இருக்கிறதா என்பதும் சேர்த்தி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனது. ஒரே குறுகலான படியும் கூரைக் கொட்டகையும் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அதற்குப் பிறகாவது எல்லாரும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பு ஆண்டுக்கு உள்ளனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூன்று வகை நிர்வாகத்துக்கும் தனித்தனிக் குணம் உண்டு. கான்வென்ட்டில் ஒழுங்கு இருக்கும், ஆனால் சிஸ்டர்களுக்கு மே மாதம் மாற்றல் வரும். நீங்கள் பேசி மனம் நிறைந்த மதர் ஜூனில் வேறு ஊரில் இருக்கலாம். அதனால் அவர்களை நம்பி முடிவெடுக்காமல், எல்கேஜி மிஸ் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். திருமண்டலப் பள்ளியில் ஆசிரியைகள் நிலைத்திருப்பார்கள். திருமண்டலத் தேர்தல் முடிந்து நிர்வாகம் மாறினால் தாளாளர் மாறுவார். அந்த அரசியல் எல்கேஜி அறை வரை அவ்வளவாக வராது. புதிய பிளே ஸ்கூலில் பிள்ளைகள் குறைவு, கவனிப்பு அதிகம். ஆனால் பெரும்பாலும் ஒரே ஆளைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கும். பள்ளியை நடத்தும் பாஸ்டர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கும் விடுமுறை. அரசு அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் அங்கே பணம் கட்ட வேண்டாம். ‘அப்ளை பண்ணியிருக்கிறோம்’ என்பது அங்கீகாரம் ஆகாது. யுகேஜியோடு முடிகிற பள்ளியானால் ஒன்றாம் வகுப்புக்கு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வயது பற்றி ஒரு சொல். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31-ல் மூன்று நிறைந்தால் எல்கேஜி, ஐந்து நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு என்பதே வழக்கம். பின்னால் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது கேட்கும் பள்ளிகள் கூடி வருகின்றன. அப்படியானால் இந்த ஒரு வருடம் பிரிகேஜியில் விளையாடட்டும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நாங்கள் இந்துக் குடும்பம். வீட்டுக்கு அருகே இருப்பதில் நல்ல பள்ளி கான்வென்ட்தான். தினமும் ஜெபம் சொல்லச் சொல்வார்களா? பொட்டு, பூ, வளையல் கூடாது என்கிறார்களாமே?
– வாசகர், தாம்பரம்

ஜெபம் இருக்கும். காலை அசெம்பிளியில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று என்பது பெரும்பாலான கான்வென்ட் வழக்கம். டைரியின் முதல் பக்கங்களில் அச்சிட்டே இருப்பார்கள், வாங்கிப் பாருங்கள். பெரிய வகுப்புகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரிப்பார்கள். எல்கேஜியில் அந்தப் பிரிவினை பெரும்பாலும் கிடையாது; எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும். மாதத்தின் முதல் வெள்ளியன்று சிற்றாலயத்துக்கு அழைத்துப்போகும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும், பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்ய முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. சேர்க்கை விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் சம்மத வாசகம் ஏதும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். சிற்றாலயம் வேண்டாம் என்றால் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை யாருடன், எங்கே இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தனியாக வராந்தாவில் உட்கார வைத்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் படும்.

ஆனால், சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினசரி ஜெபமே மனதுக்கு ஒப்பவில்லை என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். சேர்த்துவிட்டு வருடம் முழுக்க முணுமுணுப்பதில் பிள்ளைதான் நடுவில் மாட்டும். ஒப்புமானால், பிள்ளை வீட்டுக்கு வந்து நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டும்போது அதட்டாதீர்கள். “ஸ்கூலில் அப்படி, நம் வீட்டில் இப்படிக் கும்பிடுவோம்” என்றால் போதும். மூன்று வயதுப் பிள்ளை அதைச் சுலபமாகவே ஏற்றுக்கொள்ளும்.

கண்ணாடி வளையல், கொலுசு, நீளத் தோடு ஆகியவற்றை மறுப்பதில் நியாயம் இருக்கிறது. உடையும், மாட்டும், காது கிழியும். சின்னப் பொட்டுக்கும் சாமிக் கயிற்றுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. தடை உண்டென்றால் அது எழுதிய விதியா, ஒரு மிஸ்ஸின் சொந்த வழக்கமா என்று தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்; கேட்ட மறுநாளே சரியாகிவிடும்.

நாங்கள் சி.எஸ்.ஐ. குழந்தையைக் கத்தோலிக்கக் கான்வென்ட்டில் சேர்த்தால் விசுவாசத்தில் குழப்பம் வருமா?
– வாசகி, நாகர்கோவில்

மூன்று, நான்கு வயதில் குழப்பம் வருவது பிள்ளைக்கு அல்ல, தாத்தா பாட்டிக்கு. வீட்டில் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்றும் பள்ளியில் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்றும் சொல்லப் பழகும். சிலுவை அடையாளம் போடும், ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும். அக்டோபர் மாதம் ஜெபமாலைக்கென்று தனி நேரம் ஒதுக்கும் பள்ளிகள் உண்டு. லெந்து (தவக்காலம்) தொடக்கத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வரலாம். இந்த நான்கில் எது உங்களுக்குச் சரி, எது சரியில்லை என்று முதலில் கணவனும் மனைவியும் பேசி முடித்துவிட்டு, சரியில்லாததை மட்டும் பள்ளியில் சொல்லுங்கள். பொதுவாக ‘நாங்கள் வேறு சபை’ என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

பெந்தெகொஸ்தே குடும்பங்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. சொரூபங்களுக்கு மாலை போடுவது, புனிதர் விழாவில் வேஷம் கட்டுவது எல்லாம் வரும். முன்கூட்டிச் சொன்னால் பிள்ளைக்கு வேறு வேலை கொடுத்துவிடுவார்கள். விழாவுக்கு முந்தின நாள் போய் நின்றால் இரண்டு பக்கமும் சங்கடம்.

ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால்தான் சீட்டா? 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் கான்வென்ட்டில் சேர்க்க முடியுமா?
– வாசகர், திருச்சி

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறோம். முடியாது. இந்த ஒதுக்கீட்டைத் தந்த கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகள் அந்த ஒதுக்கீட்டில் வருவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் மறைமாவட்டப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அது நிர்வாகத்தின் விருப்பம். தாளாளருக்கு வருமானச் சான்றோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

சீட்டைப் பொறுத்தவரை, பள்ளிக்குப் பள்ளி வரிசை மாறும். சொந்தப் பங்குப் பிள்ளைகள் (அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தார்) அல்லது சபைப் பிள்ளைகள், அங்கே படிக்கும் அக்கா அண்ணன் உள்ளவர்கள், பணியாளர் பிள்ளைகள், பழைய மாணவியின் பிள்ளைகள், அப்புறம் மற்றவர்கள் என்பது அடிக்கடி காணும் வரிசை. கிறிஸ்தவர் என்ற முன்னுரிமையைக் கேட்டால்தான் ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தை அல்லது குருவானவரின் கடிதமும் தேவைப்படும். மற்றபடி பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று: பிறப்புச் சான்றில் ‘ஜெனி’, ஞானஸ்நானச் சான்றில் ‘மேரி ஜெனிபர்’, ஆதாரில் அப்பாவின் பெயர் ஒட்டிய இன்னொன்று. பள்ளி பதிவேட்டில் எது ஏறுகிறதோ அதுதான் பின்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும். விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றின் எழுத்துகளை அப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றில் பெயரே ஏறாமல் இருந்தால், ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றியும் அதற்குப்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். ஏப்ரல் நெரிசலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் ‘செயின்ட்’ என்று பெயர் வைத்த பள்ளிகளே ஆறு இருக்கின்றன. எல்லாம் சர்ச் பள்ளிகள்தானா?
– வாசகி, வேலூர்

இல்லை. புனிதரின் பெயர் போட்டால் அட்மிஷன் கூடும் என்று தனியார் வைத்த பெயர்கள் ஏராளம். கட்டண ரசீதின் தலைப்பைப் பாருங்கள். மறைமாவட்டம், திருமண்டலம் அல்லது பேராயம், துறவற சபை என்றிருந்தால் சர்ச் பள்ளி. குடும்ப அறக்கட்டளை என்றிருந்தால் தனியார். தனியார் என்பதால் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் குறை வந்தால் மேலே யாரிடம் போவது என்பது மாறுகிறது. சர்ச் பள்ளியில் ஆயர் (பிஷப்) இல்லத்துக்கோ சபையின் தலைமைக்கோ எழுதலாம். தனியார் பள்ளியில் முதலாளிதான் கடைசி வாசல்.

மகனுக்கு மூன்றரை வயது. எல்கேஜியில் தினம் நான்கு பக்கம் எழுத்து வேலை, அதுவும் கூட்டெழுத்து (கர்சிவ்). தமிழில் பேசினால் மிஸ் திட்டுகிறாராம். கான்வென்ட் என்றால் அப்படித்தான் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மாமியார் காலத்துக் கான்வென்ட் அப்படித்தான் இருந்தது. ஆனால் பிள்ளையின் கை அன்றும் இன்றும் ஒன்றுதான். மூன்று வயதில் வட்டம் பார்த்து வரைய வரும். நான்கில் கூட்டல் குறி. நான்கரையை ஒட்டிச் சதுரம். முக்கோணத்தின் சாய்கோடு ஐந்து வயதை ஒட்டித்தான். சாய்கோடே வராத கைக்கு ஏ, கே, எக்ஸ் எழுதக் கொடுத்தால் பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்தும். அந்தப் பிடி நிலைத்துவிட்டால் இரண்டாம் வகுப்பில் கை வலிக்கிறது என்று நிற்கும். நல்ல எல்கேஜியில் முதல் பருவம் முழுக்க மணல் தட்டு, களிமண், மணி கோர்ப்பது, குட்டையான கிரையான் என்றுதான் போகும். புத்தகப்பையின் எடையைவிட, வகுப்பறையில் பிள்ளை தானாக எடுக்கும் உயரத்தில் விளையாட்டுச் சாமான் இருக்கிறதா என்பதே பள்ளியைக் காட்டிக்கொடுக்கும். பீரோவுக்குள் பூட்டிய மாண்டிசோரிப் பொருள்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கானவை.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவருக்கு மேலிருந்து வரும் பாட அட்டவணை அது. தலைமை ஆசிரியையிடம் போய், ஒரு பக்கம் எழுதுவான், மீதி வேண்டாம் என்று டைரியில் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் பள்ளிகள் நினைப்பதைவிட அதிகம்.

தமிழ் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் கட்டாயப் பாடம். அப்போது திணறும் பிள்ளைகளில் பலர், எல்கேஜியில் தமிழ் பேசி அதட்டு வாங்கியவர்கள். அதைவிட உடனடி ஆபத்து, ‘ஒன்றுக்கு வருது’, ‘வயிறு வலிக்குது’, ‘அவன் அடிச்சான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும்.

நாங்கள் விசுவாசக் குடும்பம். வேதக்கதை சொல்லித் தரும் பள்ளியாகத் தேடிச் சேர்த்தோம். மகள் இப்போது ராத்திரி எழுந்து “இயேசப்பா என்னை நெருப்பில் போடுவாரா?” என்று அழுகிறாள்.
– வாசகர், சேலம்

‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பதன் கிறிஸ்தவப் பதிப்பு இது. அடம் பிடிக்கும் பிள்ளையை அடக்க மிஸ்ஸுக்குக் கைவசம் வேறு வழி இல்லை, நரகத்தை எடுத்துக்கொள்கிறார். இந்த வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி நம்பும். உவமை, அடையாளம் எதுவும் எட்டாது. இதில் விசுவாசம் வளராது, படுக்கை நனையும்.

வேதப்பாட நேரத்தில் ஒருமுறை உட்கார அனுமதி கேளுங்கள். மூன்று நான்கு வயதுக்கு ஒரு கதை ஐந்திலிருந்து பத்து நிமிடம். படைப்பு, நோவாவின் பேழையில் மிருகங்கள் ஏறுவது, காணாமல்போன ஆடு, சிறு பிள்ளைகளை இயேசு அணைத்துக்கொண்டது, ஐந்து அப்பம் இரண்டு மீன் – இவை பொருந்தும். ஈசாக்கைப் பலியிடப் போனது, எகிப்தின் வாதைகள், சிலுவைப்பாடுகளின் ரத்த விவரங்கள், வெளிப்படுத்தல் நூலின் காட்சிகள் ஆகியவை இப்போது வேண்டாம். புனித வெள்ளிக்கு முந்தின வாரம் என்ன படம் காட்டுகிறார்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். மனப்பாட வசனம் நான்கைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ அளவு. பத்து வரிச் சங்கீதத்தை மேடையில் ஒப்பிப்பது பெற்றோரின் சந்தோஷத்துக்கு.

பள்ளியில், தண்டனைக்கும் கடவுளுக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். விசுவாசக் குடும்பத்திலிருந்து வரும் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். வீட்டில், “இயேசப்பா போடமாட்டார், மிஸ் தப்பாகச் சொல்லிட்டாங்க” என்று ஒளிவுமறைவின்றி மகளிடம் சொல்லுங்கள். மிஸ்ஸின் மரியாதை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

கிறிஸ்தவப் பள்ளியில் படித்தால் பின்னால் எஸ்.சி. சாதிச் சான்றிதழ் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், மதுரை

படிக்கும் பள்ளியால் யாருடைய மதமும் மாறாது. கவனம் வேண்டியது பதிவேட்டில். சேர்க்கைப் படிவத்தின் மதம், சாதிப் பத்திகளை ஆபீஸ் கிளார்க் நிரப்பும்படி விடாமல், உங்கள் சாதிச் சான்றின் நகலைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். எல்லாரும் கிறிஸ்தவர் என்ற பழக்கத்தில் மதப் பத்தியை நிரப்பிவிடும் தவறு நடப்பதுண்டு. எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால், அந்த ஒரு சொல் பின்னால் தாசில்தார் ஆபீசில் பெரிய வேலை வைக்கும். சேர்ந்த மாதமே இ.எம்.ஐ.எஸ். (கல்வித் துறையின் மாணவர் தகவல் தொகுப்பு) பதிவின் அச்சுப்படியைக் கேட்டுப் பாருங்கள். தவறிருந்தால் தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்து அப்போதே திருத்திவிடுங்கள். சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்கள் வெற்றிடமாக விட 1973-லிருந்தே அரசாணை உண்டு.

அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் எல்கேஜிக்குக் கட்டணம் இருக்காது என்று நினைத்தோம். 22 ஆயிரம் கேட்கிறார்கள். ‘கட்டட நிதி’ தனியாம்.
– வாசகி, தூத்துக்குடி

அரசு உதவி ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதே வளாகத்து எல்கேஜி, யுகேஜி பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: யுகேஜி முடித்தால் உதவி பெறும் பிரிவின் ஒன்றாம் வகுப்பில் இடம் உறுதியா? வாய்வார்த்தையாக ‘ஆமாம்’ என்பார்கள். எழுதிக் கேட்டால் பதில் மாறும்.

தனியார் பள்ளிகளுக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு தொகை குறித்துத் தருகிறது. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். அதற்கு மேல் எது கேட்டாலும், அன்பளிப்பு என்றாலும், பள்ளி பெயரில் ரசீது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் ‘பழக்கம்’ அங்கேயே நின்றுவிடும். மீதிக்கு 14417 என்ற கல்வித் துறை உதவி எண் இருக்கிறது. சேருமுன் இடம் மாறினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் ரசீதின் பின்பக்கம் பாருங்கள்.

பள்ளி வேனா, ஆட்டோவா?
– வாசகர், தஞ்சாவூர்

முடிந்தால் முதல் வருடம் இரண்டும் வேண்டாம், நீங்களே விடுங்கள். முடியாதென்றால் பள்ளியின் சொந்த வேன். 2012-ல் சென்னையில் பேருந்துத் தரையின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி இருக்கின்றனவா என்று ஏறிப் பாருங்கள். பிள்ளைகள் இறங்கிய பிறகு கடைசி சீட் வரை நடந்து பார்ப்பது யார் வேலை என்று கேளுங்கள். தூங்கிய பிள்ளை பூட்டிய வேனுக்குள் மாட்டுவது அந்த ஒரு நடை தவறுவதால்தான். மாலையில் அழைத்துப்போகும் அட்டை இல்லாமல் தாய்மாமன் வந்தாலும் அனுப்பாத பள்ளிதான் சரியான பள்ளி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேர்த்த பிறகு எத்தனை நாள் அழுவார்கள்? எப்போது கவலைப்பட வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டு முதல் நான்கு வாரம். திங்கட்கிழமையும் காய்ச்சல் லீவு முடிந்த நாளும் மறுபடி வரும். நீங்கள் போன பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது என்றால் பயமில்லை. முதல் வாரம் ஒன்றரை மணி நேரம், அடுத்த வாரம் சாப்பாடு வரை, அப்புறம் முழு நேரம் என்று கூட்டிக்கொண்டே போக அனுமதிக்கும் பள்ளியைத் தேடுங்கள். கண்ணாமூச்சி காட்டி நழுவாதீர்கள்; ‘சாப்பிட்டதும் வருவேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.

நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, பள்ளிக் கழிப்பறை என்றாலே மிரள்வது, ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டால் ஒதுங்குவது, உடம்பில் தழும்பு – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொறுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் பிள்ளையை அடிக்க அனுமதி கிடையாது. சிஸ்டர் என்றாலும் சபையின் ஐயர் (போதகர்) என்றாலும் அதே சட்டம்தான். தழும்பைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள், பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காமல் அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவையுங்கள். பிறகு 1098, குழந்தைகள் உதவி எண். ‘சபைக்குக் கெட்ட பெயர்’ என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.